வெள்ளை நாய்க்குக் கறுப்புப் பொட்டு

நடுவர் தன் சுட்டுவிரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். விரல்நுனி கறுப்பாக இருந்தது.

மேசைமேல் என் நாய் ஆடாமல் நின்றது. உடம்பு முழுக்க வெள்ளை. அவனுடைய இனத்துக்கு வெள்ளைதான் உயிர். மூக்கும் கண்ணும் கறுப்பாக இருக்கலாம், முடியில் கறுப்பு இருந்தால் வெளியே போ என்றுவிடுவார்கள். முடிக்குச் சாயம் பூசியிருந்தாலும் அப்படித்தான். நடுவர் இடது காதைத் தூக்கினார், பின்பக்கத்தில் ஒரு கறுப்பு வட்டத்தைக் கண்டார், தடவினார், கை கறுத்துவிட்டது. இரண்டு குற்றமும் ஒன்றாக என் தலையில் வந்து விழுந்தன.

"மதாம், இது என்ன?" என்று கேட்டார்.

எனக்குப் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. அது என்னுடைய மை. மணப்பெண்களுக்கு நான் கன்னத்தில் வைத்துவிடுகிற அதே மை. அதை எடுத்து நாயின் காதுக்குப் பின்னால் வைத்த ஆள் யாரென்றும் தெரிந்தது. அந்த ஆள் அந்நேரம் பாரிசுக்கு வெளியே, லெ பிளாங்-மெனிலில் ஒரு மண்டபத்தில் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு நின்றார். என் கையில் அகப்பட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

அன்றைய நாய்ப் போட்டியில் 'எக்ஸலான்' என்ற உச்சத் தரம் கிடைக்காவிட்டால் நாய் எங்களிடம் இருக்காது. அதுதான் பேச்சு.

நான் சலூன் திறந்த கதையைப் போன கிழமை இங்கே எழுதியிருந்தேன், அதை வாசித்துவிட்டு ஒரு தங்கச்சி கடைக்கே வந்துவிட்டாள். "அக்கா, உந்தக் கண்ணாடிக்கு மேலை மாட்டியிருக்கிற நாயின்ரை படம், அது என்ன கதை?" என்றாள். இதுதான் கதை. கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

புருவம் எடுக்க வந்த மதாம்

பாரிசில் எங்கள் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் என்னிடம் புருவம் எடுக்க எங்கள் சனம் மட்டும் வருவதில்லை. மதாம் ஒதில் என்று ஒருவர் வருவார். ஓய்வுபெற்ற ஆசிரியை, நெட்டையான மனிசி. நோர்மண்டிப் பக்கம் வீடு. பாரிசில் மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் நூலால் புருவம் எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கடையில் இரண்டு வடையும் வாங்கிக்கொண்டுதான் ரயில் ஏறுவார்.

ஒருநாள் தோள்பையோடு வந்து உட்கார்ந்தார். பைக்குள்ளே ஏதோ அசைந்தது. நான் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். பைக்குள்ளிருந்து பஞ்சு உருண்டை போல ஒரு குட்டி இறங்கி, நேரே கடையின் பின்பக்கம் போனது.

பின்பக்கக் கதிரையில் இவர் இருந்தார். என் கணவர்.

இவரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். ஊரில் போர் முடிந்த அந்த மே மாதத்துக்குப் பிறகு இவர் கதைப்பதை விட்டுவிட்டார். ஊரில் இருந்த தம்பியைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. ஒரு வருடம் போனது, இன்னொன்று போனது, ஐந்தும் போனது. உணவகத்தில் கறி வைக்கிற வேலை முடிந்ததும் வந்து, நான் கடை பூட்டும்வரை அந்தக் கதிரையில் இருப்பார். சாப்பாடு போடவா என்றால் ஓம். தேத்தண்ணி வேணுமா என்றால் ஓம். சுவரோடு குடும்பம் நடத்துகிறேன் என்று எனக்குக் கோபம் வரும். அந்த முகத்தைப் பார்த்தால் கோபப்படவும் மனம் வராது.

குட்டி இவருடைய செருப்பைக் கடித்து இழுத்தது.

"டேய், ஆரடா நீ? எங்கையிருந்தடா வந்தனீ?" என்று இவர் குனிந்து கேட்டார்.

என் பல்லிலிருந்து நூல் விழுந்துவிட்டது. யாரும் கேட்காமல் இந்த மனிசன் வாய் திறந்து எவ்வளவு காலம்! மதாமுக்கு ஒரு புருவம் முடிந்து மற்றது பாதியில் நின்றது. அவர் கண்ணாடியில் இவரையும் குட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இனம் மடகஸ்கார் தீவிலிருந்து வந்ததாம். 'கொத்தோன்' என்று பெயர், பஞ்சு என்று அர்த்தம். நான் மொழிபெயர்த்துச் சொல்ல, இவர் தலையை ஆட்டினார். "அப்ப எங்கடை சமுத்திரத்தாலை வந்த ஆள்தான்" என்றார்.

விலையைக் கேட்டேன். நூல் இரண்டாவது தடவையும் விழுந்தது.

மதாம் கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். ஒரு ஏற்பாடு சொன்னார். அந்த ஈற்றிலேயே இவன்தான் அருமையான குட்டி. அவனைப் போட்டிகளில் காட்டவேண்டும். அவருக்கு இடுப்பில் ஒப்பரேஷன் நடந்ததால் வளையத்துக்குள் நாயோடு ஓட முடியாது. நாங்கள் ஓட்டிக் காட்டுவதென்றால் பாதி விலைக்குத் தருவார். அவனுக்கு ஒன்றரை வயது முடிவதற்குள் ஒரு தடவையாவது 'எக்ஸலான்' வாங்கினால் அவன் முழுக்க எங்களுடையவன். வாங்காவிட்டால் காசைத் திருப்பித் தந்து நாயைக் கொண்டுபோய், ஓடக்கூடிய ஒருவரிடம் கொடுப்பார்.

நான் ஏலாது என்று சொல்ல வாயெடுத்தேன். "ஓம்" என்று இவர் முந்திவிட்டார். அது நான் தினமும் கேட்கிற ஓம் இல்லை.

ஊரை நாய் எண்டு கூப்பிடுறதோ?

பிரான்சில் பதிவு செய்கிற சாதி நாய்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வருடமும் ஓர் எழுத்து. அந்த வருடம் பிறந்த குட்டிகளின் பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்கவேண்டும். அந்த வருடத்து எழுத்து J. ஒரு பெயர் சொல்லுங்கள் என்று மதாம் கேட்டார். இவர் யோசிக்கவே இல்லை.

"ஜஃப்னா" என்றார்.

ஐயோ, எங்கள் ஊரின் பெயரை நாய்க்கு வைத்ததற்கு நாங்கள் கொடுத்த விலை! லாச்சப்பல் முழுக்க ஒரே கதை. மரக்கறிக் கடையில் ஒருவர் என்னை மறித்து, மானம் ரோசம் இல்லையோ என்று கேட்டார். எல்லோரையும்விட இவருடைய தங்கச்சி, என் மச்சாள் வசந்தி, கொதித்துப்போனாள்.

"ஊரை நாய் எண்டு கூப்பிடுறதோ, அண்ணை? அந்தப் பேரை ஒரு நாயைப் பாத்து நான் என்ரை வாயாலை சொல்லமாட்டன்."

இவர் குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இந்த நாட்டிலை எத்தினை வருசம் இருக்கிறம். அந்தப் பேரை ஆராவது சந்தோசமாச் சொல்லி நீ கேட்டனியோ? நான் கேக்கப் போறன்."

மச்சாள் அழுதுகொண்டு எழுந்து போனாள். காணாமல் போன தம்பி அவளுக்கு அண்ணன்தானே. அன்றிலிருந்து அவளுக்கு எங்கள் நாய் 'உந்த நாய்'.

நாய் வாங்கிய காசு

நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள். நாய் வாங்கிய காசு குரைக்கும், நன்றாகக் குரைக்கும்.

பாதி விலைக்கு வாங்கினோம் என்று நான் நிம்மதியாக இருந்தது ஒரு கிழமைதான். பிறகு தொடங்கியது. ஊசி, மிருக வைத்தியர், நாய்க்கென்று ஒரு பாஸ்போர்ட். எனக்குப் பாஸ்போர்ட் கிடைக்கக் காத்திருந்த காலத்தை நினைத்தால் சிரிப்பதா அழுவதா? அவனுக்குக் கேட்டவுடனே கொடுத்துவிட்டார்கள். பிறகு நாயை நிறுத்திச் சீவுகிற மேசை, பயணத்துக்குக் கூடு, வெள்ளை முடிக்கென்றே ஒரு ஷாம்பு, அதற்குப் பின் போடுகிற இன்னொன்று, உலோகச் சீப்பு, நூல் போல மெல்லிய வார். ஒவ்வொரு போட்டிக்கும் நுழைவுக் கட்டணம், நாய் வென்றாலும் தோற்றாலும் அது திரும்பி வராது. தூரத்துப் போட்டியென்றால் ரயில், நாயையும் உள்ளே விடுகிற விடுதி. ஓட்டிக் காட்டப் பழக்குகிற வகுப்பு வேறு. சீப்பின் விலையைக் கேட்டு நான் முணுமுணுத்தபோது இவர், "ஆனையை வாங்கிப்போட்டு அங்குசத்துக்கு அழக்கூடாது" என்றார். மனிசனுக்குப் பழமொழி சொல்லுகிற அளவுக்கு வாய் வந்துவிட்டது.

நான் நகை ஒன்றையும் அடகு வைக்கவில்லை, அவ்வளவுதான். ஞாயிறுகளிலும் கடை திறந்தேன், அந்த வருடம் லண்டனில் அக்கா மகனின் கல்யாணத்துக்குப் போகவில்லை. காசைவிட அதுதான் எனக்கு வலித்தது. அக்கா இன்றைக்கும் குத்திக் காட்டுவாள்.

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்ன செய்யும் என்று உங்களுக்குப் பழமொழி தெரியும். எனக்கும் அதை எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! சொன்னவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். "நான் அதைத்தான் செய்யிறன். சனிக்கிழமை குளிப்பாட்டுறன், நடுவீட்டிலைதான் வைக்கிறன், வந்து பாருங்கோ."

முடி என் தொழில். அவனுடைய முடியைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்விட்டது. சிக்கெடுக்கவும் முறியாமல் காயவைக்கவும் எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஓடுவதுதான் பிரச்சினையாக இருந்தது.

பொலிஸ் கலைக்குதோ?

வளையத்துக்குள் நாய் தானாக ஓடினால் போதாது. கூட ஓடுகிறவர் அதன் வேகத்துக்கு, வாரை இழுக்காமல், நாயை மறைக்காமல், நேரே ஓடவேண்டும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் நான் ஓடியவள். எங்கள் விளையாட்டு இல்லத்துக்குப் பரிசும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அந்த ஓட்டம் எங்கேயோ நின்றுவிட்டது. பிறகு ஓடியதெல்லாம் மெட்ரோவைப் பிடிக்கத்தான்.

காலையில் தண்டவாளத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் பழகினேன். சந்தியில் நிற்கிற எங்கள் பொடியன் ஒருவன் கத்திக் கேட்டான்.

"அன்ரி, என்ன, பொலிஸ் கலைக்குதோ?"

"ஓமடா, உன்னைத்தான் தேடுகினம். கெதியா ஓடு!"

இவர் பூங்கா வாங்கில் குந்திக்கொண்டு நடுவர் வேலை பார்ப்பார். முழங்கால் சரியில்லாததால் ஓட வரமாட்டார், ஆனால் குரலுக்கு ஒரு குறையும் இல்லை. "கால் பிழை! அவன்ரை கால் இல்லையப்பா, உம்மடை கால்!" என்று பூங்கா முழுக்கக் கேட்கும். எனக்கு ஆத்திரம் வரும், அதே நேரம் சந்தோஷமாகவும் இருக்கும். ஐந்து வருடம் பேசாத மனிசன் என்னைத் திட்டுகிறாரே!

அந்நியர் தொட்டாலும் நாய் அசையக்கூடாது. அதற்காகச் சலூனில் காத்திருக்கிற பெண்களையெல்லாம் பிடித்து, "தங்கச்சி, ஒருக்கால் பல்லைப் பாருங்கோ, காதைத் தூக்கிப் பாருங்கோ" என்று கெஞ்சுவேன். ஆண் நாய் என்றால் நடுவர் பின்பக்கமும் கைவைத்து, இரண்டும் சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். அதற்கு மட்டும் வாடிக்கையாளரைக் கேட்க முடியாது. அந்தப் பயிற்சியை இவர் கதவைச் சாத்திவிட்டுக் கொடுத்தார்.

முதல் போட்டியில் ஜஃப்னா பாதி வளையத்தில் உட்கார்ந்துவிட்டான். 'மிக நன்று' என்று எழுதினார்கள். கேட்க நல்லாயிருக்கும், ஆனால் எக்ஸலானுக்கு அது ஒரு படி கீழே. இரண்டாவது போட்டியில் அழகாக ஓடினான். நடுவர் தலையைக் கிட்டப் பார்த்து, முடியில் மஞ்சள் நிறம் என்று எழுதுவித்தார். மஞ்சளா? நான் கழுவின கழுவலுக்கா? வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் விளங்கியது. இவர் கறி வைத்த கையோடு வந்து, தினமும் அவன் தலையைத் தடவிக் கொஞ்சியிருக்கிறார். அது அசல் மஞ்சள்! அதற்குப் பிறகு கை கழுவி எனக்குக் காட்டாமல் நாயைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டேன்.

மூன்றாவது போட்டிதான் கடைசி. அடுத்த மாதம் அவனுக்கு ஒன்றரை வயது முடிகிறது.

ஒரே ஞாயிறு

மச்சாளின் மகள் ஆரணி பெரியபிள்ளையானாள். சாமத்தியச் சடங்குக்கு நாள் வைத்தார்கள். எந்த நாள் என்று நினைக்கிறீர்கள்? போட்டி நடக்கிற அதே ஞாயிறு.

எங்கள் சடங்கில் தாய்மாமன் இல்லாமல் ஒன்றும் நடக்காது. மாமன் இவர், மாமி நான். பிள்ளையின் தலையில் பாலறுகு வைப்பது, தட்டுச் சுற்றி ஆலாத்தி எடுப்பது எல்லாம் மாமியின் உரிமை. அதற்கு மேலே, பாரிசில் பாதிப் பிள்ளைகளைச் சடங்குக்குச் சோடிக்கிறவள் நான். சொந்த மருமகளுக்கு வேறு யாராவது பூ வைப்பதா?

மச்சாள் சலூனுக்கே வந்துவிட்டாள். வாடிக்கையாளர் இரண்டு பேர் இருந்தார்கள், அவள் பார்க்கவில்லை.

"அண்ணி, நீங்கள் இல்லாமல் ஆர் ஆலாத்தி எடுக்கிறது? ஆர் பிள்ளையை வெளிக்கிடுத்துறது?"

"நாள் மாத்தேலாதோ, வசந்தி?"

"மண்டபத்துக்குக் காசு கட்டியாச்சு. ஐயர் நாள் வைச்சாச்சு. உங்கடை நாய்க்குத்தான் நாள் மாத்தேலும்."

"அவனுக்கும் ஏலாது. இதை விட்டால் அவன் போயிடுவான்."

மச்சாள் எனக்குக் கிட்ட வந்தாள். "பிள்ளை இல்லாதவைக்கு நாய் பிள்ளை எண்டு சனம் கதைக்குது. நான் ஒருநாளும் அப்பிடிக் கதைக்கேல்லை, அண்ணி. இண்டைக்குக் கதைக்க வைச்சிட்டியள்."

குத்தியது. குத்தவில்லை என்று எழுத எனக்குப் பொய் வராது. ஆனால் அவள் நினைத்த இடத்தில் குத்தவில்லை. "அவன் எனக்குப் பிள்ளை இல்லை, வசந்தி. பிள்ளைக்குப் பதிலா ஒண்டும் வராது. அவன் நாய். நல்ல நாய். அதை இந்த நாடு ஒத்துக்கொள்ளவேணும், அதைத்தான் நான் கேக்கிறன்" என்றேன்.

இவர் பின்பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். "நான் மண்டபத்திலை நிப்பன். இவ விடியவே பிள்ளையை வெளிக்கிடுத்திப்போட்டுப் போட்டிக்குப் போகட்டும். முடிஞ்ச உடனை வருவா" என்றார்.

அவ்வளவு நேரமும் வாசலில் போனைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆரணி பிரெஞ்சில் சொன்னாள், "மாமி போகட்டும், அம்மா. ஜஃப்னா எக்ஸலான் எடுத்தால் எனக்கு அவனோடு படம் வேண்டும்." மச்சாள் மகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த ஞாயிறு விடியற்காலையில் மண்டபத்தின் அறையில் ஆரணிக்குச் சேலை உடுத்தி, சடைநாகம் கட்டி, கண்ணுக்கு மை எழுதினேன். வெள்ளையாகக் குளித்து வந்த ஜஃப்னா இவருடைய மடியில் துவாய்க்குள் சுருண்டு இருந்தான். என் அலங்காரப் பெட்டி பக்கத்தில் திறந்தபடி கிடந்தது. பிள்ளையின் கன்னத்தில் கண்ணூறு படாமல் ஒரு பொட்டு வைத்தேன். மச்சாள் என்னோடு பேசவில்லை, ஆனால் மகளைப் பார்த்ததும் அவளுடைய கண் கலங்கியது. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு நாயோடு ரயிலுக்கு ஓடினேன்.

யாருடைய கண்?

ரயில் தாமதம். போட்டி மண்டபத்துக்குள் நான் ஓடிவந்தபோது எங்கள் பிரிவை அழைத்துவிட்டார்கள். அவசரமாக முதுகையும் வாலையும் சீவினேன். காதைத் தூக்கிப் பார்க்கவில்லை. கயிற்றுக்கு வெளியே மதாம் ஒதில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு இருந்தார்.

இப்போது பழைய இடத்துக்கு வந்துவிட்டோம். நடுவரின் கறுத்த விரல்.

"மதாம், இது என்ன?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ரயிலில் எங்கோ பட்ட அழுக்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது நன்றாக உருட்டி வைத்த பொட்டு. இவர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார்.

"மை, மெஸ்யூ. என் கணவர் வைத்திருக்கிறார். எனக்கும் இப்போதுதான் தெரியும்."

"எதற்கு?"

"எங்கள் ஆட்கள் அழகான பிள்ளைக்கு இப்படி ஒரு கறுப்புப் பொட்டு வைப்பார்கள். பார்க்கிறவர்களின் கண் பட்டுவிடாமல் இருக்க."

"யாருடைய கண்?"

நான் அந்த மனிசனை நேரே பார்த்தேன். "இன்றைக்கு உங்களுடைய கண்தான், மெஸ்யூ."

வளையத்தைச் சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை. வயதான மனிதர், கழுத்தில் பட்டுத் துணி கட்டியிருந்தார். முடிவு எழுதுகிற பெண்ணிடம் போய்க் குனிந்து ஏதோ பேசினார். திரும்பி வந்தார்.

"குறையை மறைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பிடிப்பதற்குத்தான் அந்த விதி. இல்லாத குறையை வைத்துக்கொண்டு வந்த ஆளை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். மற்ற நாய்களைப் பார்த்து முடிக்கிறேன். அதற்குள் துடையுங்கள். அடியில் வெள்ளை இருந்தால் இவனைப் பார்ப்பேன். சாம்பல் நிறம் இருந்தாலும் வெளியே."

பக்கத்தில் நின்ற பெண் இரக்கப்பட்டு ஈரத் துணியை நீட்டினாள். நான் வாங்கவில்லை. எண்ணெய் மையில் தண்ணீர் பட்டால் காது முழுக்கச் சாம்பலாகிவிடும். அது எனக்குத் தெரியாதா? தாலி கட்டுகிற நேரத்தில் அழுது மையைக் கரைத்துக்கொண்ட எத்தனை பெண்களின் முகத்தைத் திருத்தி மணவறைக்கு அனுப்பியவள் நான்! கைப்பையிலிருந்து முகத்துக்குப் பூசுகிற கிறீமை எடுத்தேன். காதுக்கும் முடிக்கும் நடுவில் கடதாசியை வைத்து, அடியிலிருந்து நுனிக்கு, இழை இழையாக இழுத்தேன். கை தன் வேலையைப் பார்த்தது. மனம் மட்டும் லெ பிளாங்-மெனிலில் ஒருவரைத் திட்டிக்கொண்டே இருந்தது. கறுப்பு கடதாசிக்கு வந்தது. பிறகு துளி ஷாம்பு, போத்தல் தண்ணீர், மறுபடி கடதாசி.

நடுவர் வந்து காதைத் தூக்கினார். தன்னுடைய வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

"ஓடுங்கள்" என்றார்.

ஓடினேன். பூங்கா வாங்கிலிருந்து கேட்கிற குரல் என் காதுக்குள் கேட்டது. கால் பிழை, கால் பிழை! அன்றைக்குக் கால் பிழைவிடவில்லை. என் காலும் சரி, அவன் காலும் சரி. முடி மேலே எழுந்து எழுந்து விழ, வார் தளர்ந்து கிடக்க, அவன் எனக்குப் பக்கத்தில் ஓடிய ஓட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் என் நெஞ்சு நிமிரும்.

உதவியாளர் முடிவை வாசித்தார். இரண்டாமிடம். "எக்ஸலான். ஜஃப்னா!"

அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர் முகத்தில் பயமும் இல்லை, பரிதாபமும் இல்லை. சுற்றி நின்ற சனம் கைதட்டியது. நான் நாயைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒப்பாரி மாதிரி அழுதுவிட்டேன். மதாம் ஒதில் கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டி அவன் தலையைத் தொட்டார். "அவன் உங்களுடையவன்" என்றார்.

கடைசி ஆலாத்தி

சடங்கு மண்டபத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் சேலை கூட உடுத்தவில்லை. ஓடுகிற சப்பாத்து, கறுப்பு உடுப்பு, கையில் நாய், நாயின் கழுத்தில் ரிப்பன்.

இவர் வாசலிலேயே நின்றார். முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"நீங்களோ வைச்சனீங்கள்?" என்றேன்.

"உம்மடை ஓட்டத்திலை எனக்குச் சந்தேகம் இல்லை. சனத்தின்ரை கண்ணிலைதான் எனக்கு நம்பிக்கை இல்லை" என்றார். கோயிலுக்கு வாங்கோ என்றால் கல்லைக் கும்பிட நான் வரேல்லை என்கிற மனிசன்! திட்ட வாயெடுத்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் இவர் அறிவிப்பாளரின் மைக்கைப் பறித்துவிட்டார். "எல்லாருக்கும் ஒரு சந்தோசமான செய்தி. எங்கடை ஜஃப்னா எக்ஸலான்!" பாதிப் பேருக்கு என்னவென்று விளங்கவில்லை, ஆனாலும் கைதட்டினார்கள்.

மேடையில் ஆரணி எழுந்து நின்று கையைத் தூக்கினாள். மச்சாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தாள். சபையில் வைத்துக் கேட்கப்போகிறாள் என்று நான் தயாராக நின்றேன். அவள் கையில் ஆலாத்தித் தட்டு இருந்தது.

"கடைசி ஆலாத்தி ஒருத்தரையும் எடுக்க விடேல்லை. மாமி வருவா எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். பிடியுங்கோ" என்றாள்.

ஓட்டச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மேடையேறினேன். ஆலாத்தி எடுத்தேன். ஆரணி நாயைக் கேட்டாள். சேலை கசங்கும் என்று நாலு பேர் கத்த, அவள் அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். படம் எடுக்கிறவர் கமராவைத் தூக்கினார்.

"பொறுங்கோ" என்றாள் மச்சாள்.

அறைக்குள் போனாள். என் பெட்டியிலிருந்து மையோடு வந்தாள். மகளின் கன்னத்தில் கலைந்திருந்த பொட்டைச் சரிசெய்தாள். பிறகு மோதிரவிரலை மறுபடியும் மையில் தொட்டுக்கொண்டு நாயின் பக்கம் குனிந்தாள். இவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஜஃப்னா," என்றாள், "ஆடாமல் நில்லடா."

காதுக்குப் பின்னால் இல்லை, நெற்றிக்கு நடுவிலே, எல்லோரும் பார்க்க, பெரிதாக வைத்தாள்.

அந்தப் படம்தான் சலூன் கண்ணாடிக்கு மேலே இருக்கிறது. சோதியாக இருக்கிற வெள்ளை நாயின் நெற்றியில் கறுப்பு எப்படி வந்தது என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அந்த மையை எடுப்பது எனக்கு ஐந்து நிமிட வேலை. அடுத்த போட்டி வரும்வரைக்கும் நான் அதைத் துடைக்கவில்லை.